புத்தளத்தில் இறங்கிய பயணி: இப்னு பதூதா தரும் படிப்பினைகள்





அல்லாஹு தஆலா தனது திருமறையில் பல இடங்களில் பூமியில் பயணம் செய்யுமாறு மனிதனை ஏவுகின்றான். ஸூரத்துல் அன்கபூத்திலே படைப்பு எவ்வாறு தொடங்கியது என்பதைப் பார்க்குமாறும், ஸூரத்துர் ரூமிலே முன்சென்ற சமூகங்களின் முடிவு எவ்வாறிருந்தது என்பதைப் பார்க்குமாறும் அவ்வேவல் அமைந்துள்ளது. இங்கு நாம் கவனிக்க வேண்டியது, பயணம் செய்தல், பார்த்தல் ஆகிய இரண்டும் சேர்த்தே கூறப்பட்டிருப்பதாகும். கால்கள் நடந்து, கண்கள் மூடியிருந்தால் அது வெறும் இடமாற்றமே. பார்ப்பவனுக்கே படிப்பினை கிடைக்கின்றது.

ஸஹாபாக்கள் இதனை நன்கு விளங்கியிருந்தனர். ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரழி) அவர்கள் தாம் கேள்வியுற்ற ஒரேயொரு நபிமொழியை அதனை நேரடியாகச் செவிமடுத்தவரிடமிருந்தே கேட்டறிவதற்காக ஒட்டகம் ஒன்றை வாங்கி, ஒரு மாத காலம் பயணம் செய்து, ஷாம் தேசத்திலிருந்த அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரழி) அவர்களைச் சென்று சந்தித்தார்கள். சீன தேசம் சென்றேனும் கல்வி கற்குமாறு கூறும் வாசகமொன்று நம் மேடைகளில் அடிக்கடி நபிமொழியாக எடுத்துரைக்கப்படுகின்றது. ஹதீஸ்கலை அறிஞர்கள் அதனைப் பலவீனமானதென்றும், அவர்களுள் சிலர் இட்டுக்கட்டப்பட்டதென்றும் கூறியுள்ளனர். ஆயினும், கல்வியைத் தேடி ஒரு பாதையில் நடப்பவருக்கு அல்லாஹ் சுவனத்தின் பாதையை இலேசாக்குகின்றான் என்ற கருத்து ஸஹீஹ் முஸ்லிமில் ஆதாரபூர்வமாகவே பதிவாகியுள்ளது. அதுவே நமக்குப் போதுமானது.

இன்று கையடக்கத் தொலைபேசியை ஏந்தியவாறே ஓர் இளைஞன் ஒரு மணி நேரத்தில் பத்து நாடுகளைப் பார்த்து விடுகின்றான். எனினும் தன் ஊரின் பழைய பள்ளிவாசல் எப்போது கட்டப்பட்டது என்று கேட்டால் அவனிடம் விடையில்லை. இத்தகைய காலத்தில், ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்கு முன்னர் நமது நாட்டின் கரையில் வந்திறங்கிய ஒரு பயணியின் வரலாற்றை உங்களோடு பகிர்ந்து கொள்ள விரும்புகின்றேன்.

தனித்துப் புறப்பட்ட இளைஞர்

அபூ அப்துல்லாஹ் முஹம்மத் இப்னு பதூதா (ரஹ்) அவர்கள் கி.பி. 1304ஆம் ஆண்டு மொரோக்கோவின் தஞ்சா நகரில் பிறந்தார்கள். ஹிஜ்ரி 725 ரஜப் மாதம், அதாவது கி.பி. 1325 ஜூனில், ஹஜ்ஜை நாடித் தன்னந்தனியாகப் புறப்பட்டார்கள். அப்போது வயது 21. உயிரோடிருந்த தாயையும் தந்தையையும் பிரிந்து செல்வது தமக்கு எத்துணை வேதனையாக இருந்தது என்பதைப் பிற்காலத்தில் அவர்களே குறிப்பிடுகின்றார்கள்.

வழியில் அவர்களைக் காய்ச்சல் பீடித்தது. தூனிஸ் நகரை அடைந்தபோது, உடன் வந்த பயணிகளை வரவேற்க ஊரார் திரண்டு வந்தனர். ஒருவருக்கொருவர் ஸலாம் கூறித் தழுவிக் கொண்டனர். இந்த இளைஞரையோ அங்கு எவரும் அறிந்திருக்கவில்லை. எவரும் ஸலாம் சொல்லவில்லை. தனிமை தாளாது அவர் அழுதுவிட்டார். அவரது நிலையைக் கண்ட ஹஜ் பயணி ஒருவர் அருகில் வந்து ஸலாம் கூறி, அன்போடு பேசி, நகருக்குள் நுழையும் வரை துணையாக வந்தார்.

நேயர்களே! சுல்தான்களையும் அரண்மனைகளையும் கண்ட ஒரு மனிதர், ஏறத்தாழ முப்பது வருடங்களின் பின்னர் தமது பயணத்தை நினைவுகூர்கையில், தூனிஸ் நகர வாசலில் கிடைத்த ஒரு ஸலாத்தை மறக்கவில்லை. நமது பள்ளிவாசல்களுக்குத் தொழ வரும் வெளியூர் மனிதருக்கு நாம் ஸலாம் கூறுகின்றோமா? அல்லது அவர் யார், எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுச் செல்கின்றோமா?

அச்சமூட்டிய செய்தியும் நேரில் கண்ட உண்மையும்

ஹஜ்ஜை நிறைவேற்றிய பின்னரும் அவர்களது பயணம் நிற்கவில்லை. பாரசீகம், கிழக்காபிரிக்கா, அனதோலியா எனச் சுற்றி, டில்லியிலே முஹம்மத் பின் துக்ளக்கின் ஆட்சியில் காழியாகப் பணிபுரிந்து, பின்னர் மாலைதீவிலும் காழியாக இருந்தார்கள். 1344ஆம் ஆண்டு அங்கிருந்து மஃபர் எனப்பட்ட தமிழகக் கரையை நோக்கிப் புறப்பட்ட கப்பலைக் காற்று திசை திருப்பி இலங்கையின் பக்கம் கொண்டு சேர்த்தது. கடலில் இருந்தவாறே, வானில் எழும் புகைத்தூணைப் போல ஸரந்தீபின் மலையைத் தாம் கண்டதாக அவர்கள் வர்ணிக்கின்றார்கள்.

கப்பல் கரையை நெருங்கியதும் மாலுமிகள் அஞ்சினர். இத்துறைமுகம் வணிகர்கள் அச்சமின்றிச் செல்லக்கூடிய மன்னரின் துறைமுகமன்று, இது ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சிப் பகுதி, அவர் கொடுமையானவர், கடற்கொள்ளைக் கப்பல்களை வைத்திருப்பவர் என்பது அவர்களுக்குக் கிடைத்திருந்த செய்தி. ஆரியச் சக்கரவர்த்தி என்பது யாழ்ப்பாண இராச்சியத்தின் தமிழ் மன்னர்கள் தாங்கியிருந்த பட்டமாகும். காற்றோ கடுமையாக வீசியது. கடலிலே நிற்கவும் இயலாது. அப்போது இப்னு பதூதா அவர்கள், தாமே முதலில் இறங்கி மன்னரிடம் அபயம் பெற்று வருவதாகக் கூறி இறங்கினார்கள்.

அவர்கள் இறங்கிய இடத்தை ‘பத்தாலா’ எனக் குறிப்பிடுகின்றார்கள். அதுவே இன்றைய புத்தளம் என்பது ஆய்வாளர்களின் முடிவு. மரத்தினாலான மதிலும் கோபுரங்களும் சூழ்ந்த சிறிய, அழகிய நகரம் அது. காட்டாறுகள் அடித்து வந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குவிந்து கிடந்தன.

மன்னர் அவர்களை எவ்வாறு நடத்தினார் தெரியுமா? எழுந்து வரவேற்றார்; தம் அருகே அமர்த்தினார்; கப்பலில் இருந்தோர் அச்சமின்றி இறங்கலாம் எனக் கூறினார். மூன்று நாட்கள் விருந்தளித்தார். நாளுக்கு நாள் கண்ணியம் அதிகரித்ததேயன்றிக் குறையவில்லை. மன்னருக்குப் பாரசீக மொழி விளங்கியமையால், தூர தேசங்களின் செய்திகளை அவர் ஆவலோடு கேட்டு மகிழ்ந்தார்.

கடலிலே கேட்ட செய்தி ஒன்று. கரையிலே கண்ட உண்மை வேறொன்று. ஒருவன் தான் கேட்டதையெல்லாம் பிறருக்குச் சொல்வது, அவன் பொய்யனாவதற்குப் போதுமானது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் நம்மை எச்சரித்துள்ளார்கள். அப்பாவிகள் பலர் கொல்லப்பட்ட 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் என்னும் கொடுஞ்செயலுக்குப் பின்னர், அதில் எவ்விதத் தொடர்புமற்ற முஸ்லிம்களைப் பற்றி எத்தனை வதந்திகள் பரவின என்பதை நாம் அறிவோம். அவ்வேதனையை அனுபவித்த நாம், பிற சமூகத்தாரைப் பற்றி நமது கைத்தொலைபேசிக்கு வரும் செய்திகளை ஆராயாமல் பரப்புவது எந்த வகையில் நியாயமாகும்? கரையில் இறங்கிப் பார்க்காதவன் மற்றவனைப் பற்றித் தீர்ப்பளிக்கத் தகுதியற்றவன்.

முத்தா? பயணமா?

ஒரு நாள் மன்னரின் முன்னிலையில் முத்துக்குளிப்பிலிருந்து வந்த முத்துக்கள் குவிக்கப்பட்டிருந்தன. அவற்றிற் சிறந்தவற்றை மன்னர் இப்னு பதூதாவுக்கு வழங்கினார். பின்னர், கூச்சமின்றி விரும்பியதைக் கேட்குமாறு கூறினார். இன்னும் முத்துக்களைக் கேட்டிருக்கலாம், பதவியைக் கேட்டிருக்கலாம். அவர்களோ, இத்தீவை அடைந்தது முதல் தமக்கிருக்கும் ஆசை ஒன்றே, அது ஆதம் (அலை) அவர்களின் பாதம் பதிந்ததாகக் கூறப்படும் மலையைக் காண்பதாகும் என்றார்கள்.

ஒன்றை இங்கு தெளிவுபடுத்த வேண்டும். ஆதம் (அலை) அவர்கள் பூமியில் எவ்விடத்தில் இறக்கப்பட்டார்கள் என்பது திருக்குர்ஆனிலோ ஆதாரபூர்வமான நபிமொழிகளிலோ திட்டவட்டமாகக் கூறப்படவில்லை. நம்மவர் ‘பாவாத மலை’ என்றும், பௌத்தர்கள் ‘ஸ்ரீபாத’ என்றும், இந்துக்கள் ‘சிவனொளிபாத மலை’ என்றும் அழைக்கும் 2,243 மீற்றர் உயரமான அம்மலையைப் பற்றிய செய்தி, அறபுப் பயணிகள் வழிவழியாகக் கூறி வந்த ஒன்றாகும். அதனை நாம் வரலாறாக வாசிக்கின்றோம், அகீதாவாக அன்று.

மன்னர் அவரது விருப்பத்தை ஏற்றுப் பல்லக்கொன்றை வழங்கினார். ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை செய்யும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், அரச பரிவாரத்தினர் பதின்மர், உணவுப் பொருள் சுமப்போர் பதினைவர் என 32 பேர் உடன் சென்றனர். ஒரு முஸ்லிம் காழி. அவருக்கு வழிகாட்டியோர் யோகிகளும் பிராமணர்களும். அனுப்பி வைத்தவர் தமிழ் மன்னர். நடந்து சென்ற பாதையின் பெரும்பகுதியோ சிங்கள மன்னரின் நாடு. அவர் தமது தொழுகையையோ மார்க்கத்தையோ எவருக்காகவும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்களும் தமது வழிபாட்டை விட்டுக்கொடுக்கவில்லை. பாதை ஒன்றாக இருந்தது. மனிதர்களைச் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்து கொள்வதற்கே என்று ஸூரத்துல் ஹுஜுராத் கூறுவதன் விளக்கத்தை அப்பாதையிலே நாம் காண்கின்றோம்.

காட்டு வழியிலே அட்டைகள் ஏறின. அவற்றின் மீது பிழிவதற்காக அங்குள்ளோர் தேசிக்காயைத் தயாராக வைத்திருப்பர் எனவும், கடித்த இடத்தைச் சுரண்டுவதற்கு மரக்கத்தி வைத்திருப்பர் எனவும் அவர்கள் எழுதுகின்றார்கள். இன்றும் மலைநாட்டுக் காட்டில் நடப்போர் இதனைப் படித்தால் புன்னகைப்பர். மலையுச்சிக்குச் செல்லும் செங்குத்தான வழியிலே பத்து இரும்புச் சங்கிலிகள் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றிற் பத்தாவதன் பெயர் ‘ஷஹாதத் சங்கிலி’. அவ்விடத்தை அடைந்தவன் கீழே நோக்கினால், விழுந்து விடுவோமோ என்ற அச்சத்தில் ஷஹாதத் கலிமாவை மொழிவான் என்பதே அப்பெயருக்குக் காரணம். உயரத்தை அடைந்தவன் கலிமாவை மறவாதிருக்க வேண்டும் என்ற படிப்பினையை இதிலிருந்து நாம் பெற்றுக் கொள்ளலாம்.

மதகுக்கு மூடியாகக் கிடந்த கல்

மலையிலிருந்து இறங்கி, தெற்கே தெவிநுவரவை அடைந்து, அங்கிருந்த பெரும் கோயிலையும் வணிகர்கள் வாழ்ந்த நகரையும் கண்டு, காலி, கொழும்பு வழியாகப் புத்தளம் திரும்பினார்கள். காலியில் அவர்களுக்கு விருந்தளித்தவர் இப்ராஹீம் எனும் முஸ்லிம் மாலுமி. அவர்கள் கண்ட தெவிநுவரக் கோயில் 1588இல் போர்த்துக்கேயரால் அழிக்கப்பட்டது.

அக்கோயிலோடு தொடர்புடைய இன்னொரு செய்தியும் உண்டு. இப்னு பதூதாவுக்கு அறுபத்தைந்து ஆண்டுகளின் பின்னர், 1409ஆம் ஆண்டு திகதியிடப்பட்ட கல்வெட்டொன்றைச் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ இலங்கைக்குக் கொண்டு வந்தார். அவர் சீனாவின் யுன்னான் மாநிலத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அக்கல்லின் சீன மொழிப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெவிநுவரத் தெய்வமான தெனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வின் பெயராலும் அளிக்கப்பட்ட காணிக்கைகளைக் கூறுகின்றன. மூன்று மொழிகள், மூன்று சமயத்தார், ஒரே கல்!

இத்தகைய கல் எங்கே கிடைத்தது? 1911ஆம் ஆண்டு காலி நகரில் மதகொன்றுக்கு மூடியாகக் கிடந்தது. அதன் மீது எத்தனை பேர் நடந்திருப்பர்! எத்தனை வண்டிகள் சென்றிருக்கும்! என்னவென்று பார்க்க நினைத்த ஒரு பொறியியலாளரின் கண்ணிலே பட்டதனால் அது இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கின்றது. ஆர்வமுள்ள ஒரு கண் இல்லாவிடின், வரலாறு காலடியில் கிடந்தாலும் நமக்குப் பயனில்லை.

பறிபோனவையும் எஞ்சியதும்

நேயர்களே! மன்னர் வழங்கிய முத்துக்களும் மாணிக்கங்களும் என்னவாயின என்று நீங்கள் கேட்கலாம்.

இலங்கையிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா அவர்கள் தமிழகக் கரையோரம் கப்பற் சேதத்திற்கு உள்ளாகி உயிர் தப்பினார்கள். மதுரைக்குச் சென்று, பின்னர் மலபார்க் கரையோரமாகப் பயணம் செய்தபோது பன்னிரண்டு கொள்ளைக் கப்பல்கள் அவர்களைச் சூழ்ந்து கொண்டன. இலங்கை மன்னர் வழங்கிய முத்துக்களும் மாணிக்கங்களும் பறிக்கப்பட்டன. உடைகளும் உணவும் பறிக்கப்பட்டன. அணிந்திருந்த காற்சட்டை ஒன்றே எஞ்சியது. அந்நிலையிலே கள்ளிக்கோட்டையை அடைந்து ஒரு பள்ளிவாசலுக்குள் நுழைந்தார்கள். மார்க்க அறிஞர் ஒருவர் ஆடையொன்றை அனுப்பினார். காழி தலைப்பாகை அனுப்பினார். வணிகர் ஒருவர் இன்னோர் ஆடை அனுப்பினார்.

பயணத்திற்கு இதனினும் பெரிய விலையும் இருந்தது. 1348இல் திமஷ்க் நகரை அடைந்தபோது, தந்தை மரணித்துப் பதினைந்து ஆண்டுகள் கடந்துவிட்ட செய்தியை அறிந்தார்கள். 1349இல் தாயகத்தை நெருங்கிய வேளையில், தாயாரும் கொள்ளை நோயினால் மரணித்துவிட்டமை தெரியவந்தது. எனவே, பயணத்தைப் புகழ்ந்துரைக்கும் நாம் வீட்டிலே காத்திருப்போரையும் மறந்துவிடலாகாது. மத்திய கிழக்கில் வருடக்கணக்காகத் தொழில் புரியும் நமது பிள்ளைகள், வெள்ளிக்கிழமையிலேனும் பெற்றோருடன் மனம்விட்டுப் பேச வேண்டும்.

முத்துக்கள் போயின, எஞ்சியது அவர்கள் பார்த்ததும் நினைவில் வைத்ததுமே. மொரோக்கோவின் சுல்தான் அபூ இனான் ஆணையிட, அவர்கள் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸை எனும் எழுத்தறிஞர் எழுதி 1355இல் முடிக்கப்பட்டதே ‘ரிஹ்லா’ எனும் நூல். அதிலுள்ள சில பயணங்கள் உண்மையில் நிகழ்ந்தனவா என ஆய்வாளர்கள் ஐயுறுகின்றனர். அதுவும் நன்றே, செய்தியை ஆராய்ந்து ஏற்பது நமது மரபு. நூற்றாண்டுகள் கடந்து, 1853 முதல் 1858 வரை பாரிஸிலே பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் நான்கு பாகங்களாக அது அச்சேறியது. எழுதுவதற்கு ஒருவர் அமர்ந்திராவிடின், புத்தளத்தின் மரக் கோபுரங்களைப் பற்றி இன்று நமக்கு என்ன தெரிந்திருக்கும்?

ஒரு பெரியவரும் எழுதப்படாத ஏடும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் புத்தளம் மாவட்டத்தின் ஒரு பள்ளிவாசலில் இவ்வரலாற்றை ஜும்ஆவின் பின்னர் எடுத்துரைத்தேன். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களுள் பெரும்பாலானோர் வந்து தங்கியது அம்மாவட்டத்திலே என்பதை நீங்கள் அறிவீர்கள். யுத்தம் 2009இல் முடிந்த பின்னர் சிலர் திரும்பிச் சென்றனர். பலர் அங்கேயே வேரூன்றி விட்டனர்.

பேச்சு முடிந்ததும் முதியவர் ஒருவர் என்னிடம் வந்து கேட்டார்: “மௌலவி, நீங்கள் சொன்ன அந்த ராஜா எங்கட யாழ்ப்பாணத்து ராஜாதானே?”

“ஆம், பெரியவரே” என்றேன்.

அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். “அவர் ஒரு முஸ்லிமைப் பல்லக்கில் ஏற்றிப் புத்தளத்திலிருந்து அனுப்பியிருக்கிறார். எங்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியே போகச் சொன்னார்கள். நாங்கள் புத்தளத்திற்கு வந்தோம். ஆனால் மௌலவி, அன்றைக்கு எங்கட பக்கத்து வீட்டுத் தமிழ் அம்மா வாசலில் நின்று அழுதவ. அதையும் எங்கேயாவது எழுதி வைக்க வேணும்” என்றார்.

தமது தெருவைப் பற்றியும், படித்த பாடசாலையைப் பற்றியும், புறப்பட்ட அந்நாளைப் பற்றியும் சொல்லத் தமக்கு நிறைய உண்டு என்றார். நானோ வேறு ஊரில் ஒரு நிகழ்ச்சிக்குச் செல்ல வேண்டியவனாக இருந்தேன். அடுத்த மாதம் கொப்பியும் பேனையுமாக வருகின்றேன், இன்ஷா அல்லாஹ், என்று கூறி விடைபெற்றேன். அடுத்த மாதம் வேறொரு வேலை வந்தது. அதற்கடுத்த மாதம் நோன்பு வந்தது. நான் சென்றபோது அவர் வபாத்தாகி நாற்பது நாட்களாகியிருந்தன. அவரது பேரனிடம் கேட்டேன். “அப்பா அடிக்கடி சொல்லுவார், நாங்கள் சரியாகக் கேட்கவில்லை” என்றான். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அறுநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்தவரின் வார்த்தைகளைப் பக்கம் பக்கமாக எடுத்துரைத்த நான், கண் முன்னே நின்ற மனிதரின் வார்த்தைகளை எழுதத் தவறிவிட்டேன். மதகுக் கல்லின் மீது நடந்து சென்றவர்களுக்கும் எனக்கும் என்ன வேறுபாடு? அல்லாஹ் எனது குறையை மன்னிப்பானாக!

ஆகவே, அன்பின் நேயர்களே! பயணம் என்றால் விமானமேறித் தூர தேசம் செல்வது மாத்திரமன்று. உங்கள் வீட்டின் முன்னறையில் சாய்ந்திருக்கும் மூத்த வாப்பாவிடமும் மூத்த உம்மாவிடமும் செல்வதும் ஒரு பயணமே. 1990இல் முப்பது வயதாயிருந்தோர் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். அன்று அறுபதாயிருந்தோர் பெரும்பாலும் மறுமைக்குச் சென்றுவிட்டனர். இந்த வாரம் ஒரு கொப்பியை எடுங்கள். அவர்களது ஊர், தெரு, தொழில், அயலவர், அவர்கள் கண்ட நன்மையும் தீமையும் ஆகியவற்றைக் கேட்டு, திகதியிட்டு எழுதுங்கள். தீமையை மட்டும் எழுதி வாசலில் நின்று அழுத அத்தாயை விட்டுவிடாதீர்கள். நன்மையை மட்டும் எழுதி உண்மையை மறைத்தும் விடாதீர்கள். நீதியாகச் சாட்சி கூறுவது முஃமினின் கடமையாகும்.

பார்க்கும் கண்ணையும், கேட்கும் செவியையும், உண்மையை எழுதும் கரத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.